பிரம்மதேசத்து நீரும் நினைவும்

பிரம்மதேசம் என்னும் பெயர் தமிழ்நாட்டில் ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. அம்பாசமுத்திரத்திற்கு அண்மையில் ஒரு பிரம்மதேசம் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில் வேறொன்று இருக்கிறது. செய்யாற்றுப் பகுதியில் மற்றொன்று உண்டு. முதலாம் இராசேந்திர சோழன் மறைந்த பின் அவனுடைய தேவியருள் ஒருவரான வீரமாதேவியார் தீப்புகுந்த செய்தி அவ்வூர்க் கோயிற் கல்வெட்டினாலேயே நமக்குத் தெரிய வருகிறது. மாண்டவர்களின் நீர்வேட்கை தணிய வேண்டுமென்று அத்தேவியாரின் உடன்பிறந்தான் அங்கே தண்ணீர் அறம் ஒன்று வைத்தான். பேரரசன் ஒருவனின் நினைவுக்குக் குடிநீரே தக்க காணிக்கை என்று அக்காலத்தார் எண்ணியிருக்கின்றனர். இதனை மனத்திற் கொண்டு, நான் இங்கே பேச எடுத்துக்கொண்ட பிரம்மதேசத்திற்கு வருவோம்.

அது விழுப்புரம் மாவட்டத்தில், எண்ணாயிரம், எசாலம் ஆகிய ஊர்களுக்கு அண்மையில் உள்ளது. பிரமபுரீசுவரர் கோயில், பாடலீசுவரர் கோயில் என்னும் இரண்டு சோழர் காலக் கற்றளிகள் அங்கே உள்ளன. இரண்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. ஊரின் பெயர், பண்டைய பிரமதேயம் என்னும் சொல்லின் திரிபாகும். மறையோர்க்கு இறையிலியாக விடப்பட்ட ஊர் பிரமதேயம் எனப்பட்டது. சொல் திரிந்தபின் பொருளும் மறைந்து, நான்முகன் வழிபட்ட தலம் என்ற கதை அதன் இடத்தில் வந்து அமர்ந்துகொள்வது நம் நாட்டு ஊர்ப்பெயர்களின் பொது வரலாறு. கதையை இகழ வேண்டுவதில்லை. ஆனால், பெயருக்குள் உறைந்து கிடக்கும் நிலக்கொடையை மறந்துவிட்டால், அந்நிலத்துக்கு நீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் மறந்துபோகும். அந்தக் கேள்வியே என் பொருள்.

பிரம்மதேசத்துக்கு அண்டையூரான எண்ணாயிரம், சோழர் காலத்தில் பனையூர் நாட்டைச் சேர்ந்த இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்னும் தனியூராக விளங்கியது. அங்குள்ள அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்றை 1917-ஆம் ஆண்டில் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தனர். இராசேந்திரன் காலத்துச் சாசனம் அது. நம் நாட்டுக் கல்வி வரலாற்றை எழுதுவோர் எவரும் அதனைக் கடந்து செல்ல இயலாது. ஒரு பெரிய கல்லூரியின் நாள்வழிக் கணக்கே அதில் இருக்கிறது. மாணவர் மொத்தம் 340 பேர். ஆசிரியர் 14 பேர். இளைய மாணவர் 270 பேரில் இருக்கு வேதம் கற்போர் 75, யசுர் வேதம் கற்போர் 75. எஞ்சியோர் சாமம், அதர்வம் முதலியன கற்போர். அவர்களுள் 40 பேர் ரூபாவதாரம் என்னும் இலக்கண நூலைக் கற்றனர். மூத்த மாணவர் 70 பேர். வியாகரணம் 25, பிரபாகர மீமாஞ்சை 35, வேதாந்தம் 10 என அவர்கள் பிரிந்திருந்தனர். அதே கோயிலில் திருவாய்மொழி ஓதுவோர்க்கும் படி அளந்திருக்கின்றனர் என்பதைத் தமிழ் மாணவர் தனியே குறித்துக்கொள்ளலாம்.

பலரும் இந்த எண்களோடு நின்றுவிடுவர். நான் இன்னும் சற்று நேரம் அந்தக் கல்வெட்டின் முன் நிற்க விரும்புகிறேன். இளைய மாணவன் ஒருவனுக்கு நாள்தோறும் ஆறு நாழி நெல்லும், மூத்தவனுக்கு ஒரு குறுணி இரு நாழி, அதாவது பத்து நாழி நெல்லும் அளக்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. கணக்கில் ஆர்வமுடைய மாணவர் தாளும் கோலும் எடுத்துக்கொள்ளலாம். 270 பேருக்கு ஆறு நாழி வீதம் 1,620 நாழி. 70 பேருக்குப் பத்து நாழி வீதம் 700 நாழி. ஆக ஒரு நாளைக்கு 2,320 நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். எனவே நாள் ஒன்றுக்கு 24 கலத்துக்குச் சற்று மேல்; 360 நாளுக்கு 8,700 கலம். இது மாணவர்க்கு மட்டும். ஆசிரியர்க்கு அளந்த நெல்லும், பொன்னாகக் கொடுத்ததும் வேறு. இச்செலவுக்கென விடப்பட்ட நிலம் 45 வேலி. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 300 ஏக்கர்.

வியாகரணமும் வேதாந்தமும் ஒருபுறம் இருக்கட்டும். அந்த 300 ஏக்கரும் ஆண்டு தவறாமல் விளைந்தாலன்றி அக்கல்லூரியில் ஒரு திங்கள்கூடப் பாடம் நடவாது. காவிரிக் கரையில் இதைச் சொன்னால் வியப்பு ஒன்றும் இல்லை. இது காவிரி நாடு அன்று. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடந்து, ஐப்பசி கார்த்திகையில் சில நாள் மட்டும் கரைபுரண்டு ஓடும் ஆறுகளை உடைய நாடு. இத்தகைய நிலத்தில் 340 மாணவரை உண்பிக்கத் துணிந்தவர்கள், சில நாள் வெள்ளத்தை ஓராண்டு நெல்லாக மாற்றும் வித்தையை முன்னமே கற்றிருக்க வேண்டும்.

இந்தத் துணிவு ஓர் ஊருக்கு மட்டும் உரியதாகவும் இல்லை. இப்போது புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் திருபுவனையில் முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048-ஆம் ஆண்டில், 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரிக்கு 72 வேலி நிலம் விடப்பட்டது. அதற்கும் ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்னர், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடுக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. செஞ்சியாற்றுக்கும் பெண்ணையாற்றுக்கும் நடுவே, இன்று பேருந்தில் ஒரே பகலிற் சுற்றி வரத்தக்க சிறு வட்டத்துக்குள், மூன்று கல்லூரிகள்! பேராறு எதுவும் ஓடாத இந்நிலத்தில் மூன்றும் அமைந்தமைக்கு அரசர் கொடையை மட்டும் காரணமாகச் சொல்வது முழு விடையாகாது என்பது என் கருத்து. கொடுத்தவன் அரசன், அக்கொடையை விளையச் செய்தவை ஏரிகள்.

இனி ஆற்றைப் பார்ப்போம். செஞ்சி மலைப் பகுதியில் தோன்றித் தென்கிழக்காக ஓடும் அந்த ஆற்றைச் செஞ்சியாறு என்பர். வராக நதி என்பர். கீழே செல்லச் செல்லச் சங்கராபரணி என்பர். ஓர் ஆற்றுக்கு மூன்று பெயர் இருப்பது அதன் கரையில் வாழ்ந்தோர் அதனை எத்தனை விதமாகப் போற்றினர் என்பதற்குச் சான்று. அதன் நீளம் பெரிதன்று. அது தொட்டுச் செல்லும் காலமோ மிகப் பெரிது. தலைப்பகுதியில் செஞ்சிக் கோட்டை இருக்கிறது. மராத்தியப் போர்க்கோட்டைகளுள் ஒன்றாக 2025-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலிற் சேர்ந்தது அது. செஞ்சிக்கு அண்மையில் உள்ள திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததைக் கூறும் பழங்கல்வெட்டு இருக்கிறது. கடலோடு கலக்கும் இடத்தருகே, அரியாங்குப்பம் ஆறு என வழங்கும் அதன் கிளையின் கரையில், அரிக்கமேடு இருக்கிறது. 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது இத்தாலிய நாட்டு மட்கலங்களும் மதுச் சாடிகளின் உடைசல்களும் வெளிப்பட்டு, ரோம வணிகத்தின் காலத்தை உறுதி செய்தன.

இடையில் திருவக்கரை. செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கிய சந்திரமௌலீசுவரர் கோயிலும் வக்கிரகாளி சந்நிதியும் உள்ள இவ்வூருக்கு அருகே, கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. பிரெஞ்சு நாட்டு இயற்கை ஆய்வாளர் சோன்னரா 1781-ஆம் ஆண்டிலேயே இவற்றைக் குறித்தார். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று நிலவியலார் கூறுகின்றனர். வேரும் கிளையும் இல்லாத வெறும் அடிமரங்களாக அவை கிடப்பதால், அங்கேயே வளர்ந்தவை அல்ல, பழைய வெள்ளம் ஒன்று உருட்டிக் கொணர்ந்து மணலிற் புதைத்தவை என்பது அவர்கள் முடிவு. ஊர் மக்கள் சொல்வது வேறு. வதம் செய்யப்பட்ட வக்கிராசுரனின் எலும்புகள் அவை என்பது அவர்கள் கதை. இரண்டையும் கேட்ட எனக்கு ஒன்று தோன்றியது. நிலவியலார் வருமுன்னரே, இவை சாதாரணக் கற்கள் அல்ல, ஒரு காலத்தில் உயிரோடு இருந்த ஒன்றின் எச்சம் என்பதை அம்மக்கள் கண்டுகொண்டிருக்கின்றனர். கதையின் உடை வேறாயினும் உள்ளே இருந்த கவனிப்பு சரியானதே.

இத்தகைய கவனிப்புத்தான் ஏரிகளையும் உண்டாக்கிற்று. ஏரி என்பது தனியே கிடக்கும் ஒரு பள்ளம் அன்று. மேட்டிலிருந்து மழைநீரைக் கொணரும் வரத்துக்கால், நீரைத் தாங்கும் கரை, வயலுக்கு அளந்துவிடும் மதகு, மிகுந்ததை வெளியேற்றும் கலிங்கு, அவ்வாறு வெளியேறியதை அடுத்த ஊர் ஏரிக்குக் கொண்டுசேர்க்கும் போக்குக்கால் இவை ஐந்தும் சேர்ந்தால்தான் ஏரி. ஓர் ஊரின் மிகுதி மற்றோர் ஊரின் முதல். மேலூரான் கலிங்கை ஒரு சாண் உயர்த்தினால் கீழூரான் பட்டினி. ஆகவே ஏரி கட்டியவுடன் வழக்கும் பிறந்தது. வழக்குப் பிறந்ததால் முறையும் பிறந்தது.

அந்த முறை எவ்வாறு நடந்தது என்பதை விரிவாக அறிய நாம் வடக்கே உத்தரமேரூர் வரை செல்ல வேண்டும், அதுவும் பிரமதேயமே. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த அவ்வூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுவதாகப் பள்ளிப் புத்தகங்களில் நீங்கள் படித்திருப்பீர்கள். ஓலையெடுத்து எதற்காக ஆளைத் தேர்ந்தனர் என்பதை மட்டும் புத்தகங்கள் விரைவாகக் கடந்துவிடுகின்றன. முப்பது குடும்பிலிருந்து தேர்ந்தவருள் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். ஒருமுறை இருந்தவர் தொடர்ந்து இருத்தல் ஆகாது. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் ஓலையில் இடம்பெறுதல் ஆகாது. அவ்வூரின் வைரமேக தடாகத்திற் சேரும் வண்டலை ஆண்டுதோறும் எடுப்பதற்கென்று பொன்னும் நெல்லும் முதலாக வைக்கப்பட்டன. வட்டி கொண்டு வண்டல் எடு, முதலைத் தொடாதே! இன்று நிலைத்த வளர்ச்சி என்று உலக மாநாடுகளில் எதனைப் பேசுகின்றார்களோ, அதன் உள்ளீடு இந்த ஏற்பாட்டில் முழுவதும் இருக்கிறது.

ஆயினும் அக்காலத்தைப் பொற்காலமென்று பாடிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வாரியத்தில் இருக்க நிலம் வேண்டும், மனை வேண்டும், கல்வி வேண்டும். கரையில் மண் சுமந்தவர்க்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. பெண்டிர்க்கு ஓலையும் இல்லை. எண்ணாயிரத்துக் கல்லூரியில் உண்டு படித்தவர் யாவர் என்பதை அச்சாசனமே கூறிவிடுகிறது. அந்நெல்லை விளைத்தவரின் பிள்ளைகள் அங்கே பயின்றதாக அது கூறவில்லை. முறையை எடுத்துக்கொள்ளலாம், அம்முறை யாரை வெளியே நிறுத்தியதோ அவர்களையும் உள்ளே சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீருக்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பை வேறொரு வழியாகவும் காணலாம். எசாலத்தில் 1987-ஆம் ஆண்டில் கோயில் திருப்பணியின்போது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகளும் இராசேந்திரன் காலத்துச் செப்பேடும் கிடைத்தன. இத்தகைய சோழர் செப்பேடுகளை இலக்கியமாகப் படிப்போர் தொடக்கத்தில் உள்ள வடமொழிப் புகழுரையைப் படித்து மகிழ்வர். என் போன்றோர்க்குப் பிற்பகுதியே சுவையானது. கொடுத்த நிலத்துக்கு எல்லை குறிக்கப் பெண் யானையை நடத்திச் சென்று சுற்றிவந்த வழக்கமும், இன்ன வாய்க்காலுக்குக் கிழக்கு, இன்ன ஏரியின் நீர்பிடிக்கு வடக்கு, இன்ன புற்றுக்கு மேற்கு என்று கூறும் எல்லை விவரங்களும் அங்கேதான் வரும். அரசன் பெயர் மறைந்தாலும் அந்த வாய்க்கால் ஓடும் வரை சாசனம் உயிரோடு இருக்கும். வாய்க்கால் தூர்ந்து மனைக்கட்டானபின் அதே சாசனம் எந்த நிலத்தைச் சொல்கிறது என்று புலவரும் கூற இயலாது.

பாகூர்ப் பக்கத்தில் இதற்கு நேர்மாறான ஒரு நினைவு உண்டு. அது செப்பேட்டில் இல்லை, மக்கள் வாயில் இருக்கிறது. பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணையிலிருந்து பாகூர் ஏரிக்கு நீர் கொணரும் பங்காரு வாய்க்காலை வெட்டியவள் பங்காரி என்னும் தாசி என்றும், அவளுடைய தங்கை சிங்காரி என்றும் கதை சொல்வர். அது எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை என்று பிரித்தல் இங்கு வேண்டுவதில்லை. ஊரின் பெரிய கொடையாளியாக ஊரார் நினைவில் நிறுத்தியது ஒரு பெண்ணை, அதுவும் சமூகம் ஒதுக்கிவைத்த ஒரு பெண்ணை. வாய்க்காலை வாய்க்கால் என்று மட்டும் சொல்லியிருந்தால் தூர்ந்துபோக விட்டிருப்பார்கள். பங்காரியின் வாய்க்கால் என்றால் தூர்வாரக் கை நீளும்.

கோயிலும் நீரும் இவ்வாறு பிணைந்திருப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வியப்பு அன்று. கடல் கடந்து பாலித் தீவிலும் சுபாக் எனப்படும் உழவர் குழுக்கள் நீர்க்கோயில்களின் வாயிலாகத்தான் எந்த ஊர் எப்போது பயிரிடுவது, எப்போது தரிசாக விடுவது என்று முடிவு செய்து வந்தன. 1970-களில், புதிய நெல்வகைகளை இடைவிடாது பயிரிடுமாறு அங்கே அரசு அறிவுரை கூறியது. முறை கலைந்தது, பூச்சி பெருகியது, நீருக்குத் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்க மானிடவியல் அறிஞர் இசுடீபன் லேன்சிங் ஆராய்ந்து, கோயில் வகுத்த பழைய முறையே பூச்சியையும் நீரையும் ஒருங்கே அடக்கிவந்தது என்று காட்டினார். 2012-ஆம் ஆண்டில் அந்நிலத்தோற்றம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அங்கே பட்டியலில் ஏறியது கோயில் மட்டும் அன்று. வயலும் வாய்க்காலும் முறையும் சேர்ந்து ஏறின என்பதை நாம் உற்றுநோக்க வேண்டும். நம் பிரம்மதேசத்திலோ, பாதுகாப்புப் பலகை கோயிற் சுவரோடு நின்றுவிடுகிறது. கோயிலுக்கு நெல் அளந்த நிலமும் நீரும் பலகைக்கு வெளியே கிடக்கின்றன.

நம்மிடம் முறை எப்போது தளர்ந்தது? ஆங்கிலேயர் ஆட்சி நிலவரியைத் தன் கையில் எடுத்து, ஏரிப் பராமரிப்புக்கென்று இருந்த ஊர் வருவாயையும் குறைத்தது. பின்னர்க் குடிமராமத்து நடக்கவில்லையே என்று 1858-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி ஊராரைக் கட்டாயப்படுத்த முயன்றது. பொறுப்பைப் பறித்துக்கொண்டபின் உழைப்பை மட்டும் கேட்டால் யார் வருவார்? விடுதலைக்குப் பின் நல்ல பணிகளும் நடந்தன. வராக நதியும் தொண்டியாறும் கூடும் இடத்தில் 1959-ஆம் ஆண்டில் முடிந்த வீடூர் அணை 3,200 ஏக்கருக்குப் பாசனம் அளிக்கவென அமைந்தது; அதில் 1,000 ஏக்கர் புதுச்சேரியைச் சேர்ந்தது. அதன்பின் மின்சார இறைப்பான்களும் ஆழ்துளைக் கிணறுகளும் பெருகின. தன் நிலத்தடியில் தனி நீர் உள்ளவனுக்கு ஊர் ஏரியின் மதகு என்னவானால் என்ன? நிலத்தடி நீர் அதே ஏரியிலிருந்துதான் ஊறுகிறது என்பது கிணறு வற்றும் நாளில்தான் நினைவுக்கு வருகிறது. 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழம்பெயரை மீண்டும் எடுத்து ஏரிகளைச் சீர்செய்ய ஒரு திட்டம் தொடங்கியது. 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ள நாட்டில் ஒரு திட்டம் எவ்வளவு தொலைவு செல்லும் என்பது வேறு கேள்வி. பெயர் திரும்பியதே நல்லது.

மறதியின் விலையை 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் இம்மாவட்டம் கண்டது. பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்துக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டு பெய்ய வேண்டிய மழையில் கிட்டத்தட்டப் பாதி! சங்கராபரணியும் பெண்ணையும் கரை மீறின. ஊர்களுக்குள்ளும் நெடுஞ்சாலைகளின் மீதும் வெள்ளம் சென்றது. அத்தனை மழையை எந்த ஏரியும் முழுவதும் தாங்கியிராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் கலிங்கிலிருந்து அடுத்த ஏரிக்குச் செல்லும் போக்குக்கால் வீடாகவும் கடையாகவும் மாறிய இடங்களில், நீர் தன் பழைய பாதையைத் தேடிக்கொண்டுதான் வந்தது. மனிதர் மறந்த எல்லையை நீர் மறப்பதில்லை.

இதைப் படிக்கும் மாணவர்க்கு ஒரு வேலை சொல்ல எண்ணுகிறேன். எண்ணாயிரம், பிரம்மதேசம், திருபுவனை, பாகூர்க் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் அச்சாகியிருக்கின்றன. கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடமும் அ-பதிவேடும் இருக்கின்றன. வாய்க்கால், ஏரி, குட்டை, களம் என்ற வகைப்பாடெல்லாம் அவற்றில் உண்டு. மதகின் அருகே சென்றால், எந்த மடை எந்த வயலுக்கு என்று சொல்லக்கூடிய முதிய நீர்க்கட்டி ஒருவரை இன்னும் காணலாம். இம்மூன்றையும் ஒருசேர வைத்து ஓர் ஊரின் நீர்வழியை வரைவதற்கு வரலாற்று மாணவனும் நிலவியல் மாணவனும் பொறியியல் மாணவனும் சேர வேண்டும். கோடை விடுமுறையில் ஏரி வற்றியிருக்கும்போது போனால் கரையும் மதகும் நன்றாகத் தெரியும். திருபுவனைச் சாசனத்தில், அக்கல்லூரியில் ஓதுவோரும் ஓதுவிப்போரும் ஊர் வாரியப் பணிகளில் ஈடுபட வேண்டுவதில்லை என்று விலக்கு அளித்திருக்கிறார்கள். அந்த விலக்கு 1048-ஆம் ஆண்டு மாணவர்க்கு. அவர்களுக்காக ஏரியைப் பார்த்துக்கொள்ள அன்று ஊரில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.